பி.டி.எஸ். முதல் வருஷம்: எதைப் படிப்பது, எதை விடுவது? (காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் வரவும்)

தேவகோட்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தேவகோட்டை. இந்த வருஷம்தான் வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) சேர்ந்தேன். ஹாஸ்டல். ஐயா காலத்திலிருந்து வீட்டில் எல்லோரும் கடை, கணக்கு, வட்டி என்று இருந்தவர்கள். டாக்டர் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். அதனால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

காலையில் அனாடமி வகுப்பு, அப்புறம் டிசெக்‌ஷன், பிசியாலஜி அல்லது பயோகெமிஸ்ட்ரி. மதியத்துக்கு மேல் டென்டல் அனாடமி கார்விங் (மெழுகில் பல் செதுக்குவது), சில நாள் பிராஸ்தோ லேப் (செயற்கைப் பல் வேலை). மாலை விட்டதும் ரெக்கார்டு. ஹிஸ்டாலஜி படங்களுக்கு பிங்க் பென்சிலும் வயலெட் பென்சிலும் தேய்த்து முடிக்கவே இரவு பத்தாகிவிடும். அதற்கு மேல் புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு இருப்பேன். காலையில் நேரம் இல்லாததால் டிபன் கிடையாது. டிசெக்‌ஷன் முடித்து வந்தால் ஃபார்மலின் வாசனையில் மதியச் சோறும் இறங்குவதில்லை.

முதல் இன்டர்னலில் (கல்லூரியே வைக்கும் தேர்வு) பிசியாலஜி ஃபெயில். கார்விங்கில் மேடம் என் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “இது எந்தப் பல்?” என்று கேட்டார். மேல் நடுவெட்டுப்பல் என்று நினைத்துத்தான் செய்திருந்தேன்.

மார்க் போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் புது புத்தகம் வாங்கினால் வாசனை பிடித்துக்கொண்டே படிப்பேன். இப்போது வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் தூங்கிய மாதிரி இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறது.

எல்லாவற்றையும் எப்படிப் படித்து முடிக்கிறீர்கள்? வாராவாரம் ஊருக்கு வந்துபோவது நல்லதா? ஆத்தா வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இது வெறும் சோர்வா, இல்லை எல்லோரும் சொல்லும் பர்ன்அவுட்டா?

பல்லவன்பயணி எழுதியது:

தங்கச்சி, நான் காரைக்குடி. ஃபைனல் இயர். முதலில் மார்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பாதி பயம் அதில்தான் இருக்கிறது.

முதல் வருஷத்தில் பரீட்சைக்கு மூன்று பாடம்: அனாடமி, பிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் சேர்ந்து ஒன்று, டென்டல் அனாடமியும் ஓரல் ஹிஸ்டாலஜியும் சேர்ந்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தியரி 100, பிராக்டிகல் 100. தியரியில் யுனிவர்சிட்டி எழுத்துத் தேர்வுக்கு 70, வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) 20, இன்டர்னலுக்கு 10. தியரியில் தனியாக 50 சதவீதம், பிராக்டிகலில் தனியாக 50 சதவீதம் எடுத்தால் பாஸ். நீ ஃபெயிலான அந்த இன்டர்னல், கடைசியில் அந்தப் பத்து மார்க்குக்குள் ஒரு பகுதி. அதற்காக ராத்திரி முழுக்க அழுதிருந்தால் அந்த அழுகைக்கு மதிப்பு ஒன்றரை மார்க் கூட வராது.

இன்னொன்றையும் தெரிந்துகொள். ஒரே ஒரு பாடம் போனால் அடுத்த வருஷ வகுப்புக்குப் போகலாம். இரண்டாம் வருஷப் பரீட்சை எழுதும் முன் அந்தப் பாடத்தை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். டிசிஐ (இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில்) வகுத்த விதியே அப்படித்தான். போகட்டும் என்று விடச் சொல்லவில்லை. போனால் உலகம் முடிந்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் படித்து முடித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. யாரும் முடிப்பதில்லை. எதை மேலோட்டமாக விடலாம் என்று சீக்கிரம் முடிவு செய்தவர்கள்தான் தப்பிக்கிறார்கள். அனாடமியில் கை, கால், வயிறு எல்லாம் நமக்கு மேலோட்டம் போதும். தலையும் கழுத்தும்தான் நம் சொத்து. அதிலும் ஐந்தாம் நரம்பு, மாக்ஸிலரி ரத்தக்குழாய், மெல்லும் தசைகள் நான்கு, தாடை மூட்டு, பரோட்டிட் சுரப்பி, நாக்கு, கழுத்து முக்கோணங்கள், நிணநீர் முடிச்சுகள். இவற்றை ஒழுங்காகப் படித்தால் நாலாம் வருஷம் வரைக்கும் சோறு போடும். கீழ்த்தாடைப் பல்லைப் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடுகிறோமே, அது ஐந்தாம் நரம்பின் மூன்றாம் கிளையிலிருந்து வரும் இன்ஃபீரியர் ஆல்வியோலார் நரம்புக்கு. அது எங்கே நுழைகிறது என்று இப்போது மண்டை ஓட்டில் விரல் வைத்துப் பார்த்திருந்தால் அப்போது கை நடுங்காது.

பயோகெமிஸ்ட்ரியில் வைட்டமின்கள், கால்சியம், பாஸ்பரஸ், ஃபுளூரைடு, என்சைம். பிசியாலஜியில் ரத்தம், நரம்பும் தசையும், இதயம், நாளமில்லாச் சுரப்பிகள். இவற்றை முதலில் பிடி. மீதியை சீனியரிடம் பழைய கேள்வித்தாள் வாங்கிப் பார்த்து முடிவு செய்.

கழனிவாசல் டாக்டர் எழுதியது:

முப்பது வருஷமாக கிளினிக் வைத்திருப்பவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் காலத்தில் எலும்புப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவோம். இரவு இரண்டு மணிக்கு ஒருவன் எழுந்து மண்டை ஓட்டுத் துளை ஒன்றைச் சொல்லி, “ஃபொராமென் ஓவேல் வழியாக என்ன போகிறது?” என்று கேட்பான், தூக்கத்திலேயே பதில் வரும். இப்போது கொஞ்சம் வேலை கூடினால் உடனே ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். கிளினிக்கில் நாள் முழுக்கக் குனிந்தபடி வேலை பார்க்க வேண்டும், நோயாளி திட்டுவார், லேப் பல்செட்டைத் தாமதமாக அனுப்பும். அதற்கு முன்னாடி இந்தப் பழக்கம் வேண்டும். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து படிம்மா, தானாக வரும்.

இன்டர்ன் அக்கா எழுதியது:

சார், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெண் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். “கொஞ்சம் உட்கார்ந்து படி” என்று சொல்வதற்கு அவளுக்கு உட்காரும் நேரம் பற்றாக்குறையில்லை. பத்து மணிக்கு மேல் உட்கார்ந்துதான் இருக்கிறாள், மண்டையில் ஏறவில்லை. தூக்கத்தைக் குறைத்து அதே பக்கத்தைப் பார்த்தால் இன்னும் ஏறாது. படித்தது நிலைப்பதற்கே தூக்கம் வேண்டும் என்று பிசியாலஜியில் நாமே எழுதுகிறோம்.

எம்.பி.பி.எஸ். முதல் வருஷக்காரர்கள் பார்க்கிற அதே அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி நமக்கும் உண்டு. அளவு குறைவு, சரி. அதோடு கைவேலை முழுசாக நம் தலையில். தலையால் படிக்கும் வேலைக்கு ஒரு மாதிரி களைப்பு, கையால் செய்யும் வேலைக்கு வேறு மாதிரி களைப்பு. இரண்டையும் ஒரே ராத்திரியில் அடுக்கினால்தான் இந்த நிலைமை வருகிறது. ரெக்கார்டையும் கார்விங்கையும் கெடு தேதிக்கு முந்தின இரவுக்குத் தள்ளாமல், வகுப்பு முடிந்த அன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே, கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவிட்டால் இரவு படிப்புக்கு மிஞ்சும். சாப்பாட்டுக்கு முன் கைவேலை, சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் படிப்பு, பதினொன்றரைக்கு விளக்கை அணை. எனக்கு நான்கு வருஷம் இப்படித்தான் ஓடியது. ராங்க் எடுக்கவில்லை, அரியரும் வைக்கவில்லை.

காலை டிபன் சாப்பிடாமல் டிசெக்‌ஷன் ஹாலுக்குள் போகாதே. மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கி வெளியே உட்கார வைத்திருக்கிறோம்.

திருமயம் பஸ் எழுதியது:

நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்து இப்போது புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். 2023இல் தொடங்கிய கல்லூரி, வருஷத்துக்கு 50 சீட். கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது, அந்தக் கவலை எனக்கு இல்லை. ஆனால் முதல் மாதம் வகுப்பில் என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் தலையை ஆட்டுவார்கள், நானும் சேர்ந்து ஆட்டுவேன்.

எனக்கு உதவியது ஒரு சின்ன விஷயம். வகுப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து கிறுக்குவேன். எங்கே நின்றுபோகிறதோ அதை மட்டும் புத்தகத்தில் பார்ப்பேன். மறுநாள் பஸ்ஸில் திருமயம் வருவதற்குள் அதே தாளை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். கோட்டை தெரியும்போது முடிந்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கெடு. படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே தன்மேலேயே சோதித்து எழுதியிருக்கிறார். நாலு கலர் ஹைலைட்டர் போடுவதை விட இது மேல்.

இன்னொன்று, சிலர் வாட்ஸ்ஆப் குரூப்பில் இரவு ஒரு மணிக்கு “ரெண்டாவது ரிவிஷன் முடிச்சாச்சு” என்று போடுவார்கள். நான் அந்த குரூப்பை மியூட் பண்ணிவிட்டேன். நோட்டீஸ் ஏதாவது வந்தால் ரூம்மேட் சொல்வான்.

தேவகோட்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மார்க் கணக்கை இப்படி யாருமே சொல்லவில்லை. இன்டர்னல் ஃபெயில் என்றதும் வருஷமே போய்விட்டது என்று நினைத்தேன்.

டாக்டர் சார், நீங்கள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. அப்பச்சியும் (அப்பா) அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் முயற்சி பண்ணாமல் இல்லை. முன்பு ஒரு மணி நேரத்தில் படித்ததற்கு இப்போது மூன்று மணி நேரம் ஆகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஊருக்கு வருவது பற்றி யாரும் சொல்லவில்லையே?

பல்லவன்பயணி எழுதியது:

ஊர் விஷயம் பெரிய விஷயம், அதனால்தான் தனியாக எழுதலாம் என்று விட்டேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊருக்குப் போவது ஓய்வு என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் கழுத்தொடிய உட்கார்ந்து விடிகாலை வந்து இறங்குவாய். சனிக்கிழமை யாராவது தாயபிள்ளை வீட்டில் சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி விசேஷம்) இருக்கும். வராமல் இருக்க முடியுமா? ஆத்தாவுடன் போய் முகப்பில் உட்கார்ந்தால் போதும், பெரியப்பச்சி ஒருவர் வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். “இந்தக் கடைவாய்ப்பல் ஆடுதா பாரு ஆத்தா.” அவரைப் பார்த்து முடிப்பதற்குள் வளவில் ஒரு வரிசையே சேர்ந்துவிடும். பாக்குக் கறை எப்படிப் போகும், பல்செட் எவ்வளவு, வேர் சிகிச்சை வலிக்குமா. முதல் வருஷத்துக்காரிக்குப் பல் எண் கூட இன்னும் சரியாக வராது என்று அவர்களுக்கு யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு டப்பா அதிரசமும் தேன்குழலும் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை டிசெக்‌ஷன். இதில் ஓய்வு எங்கே இருக்கிறது?

அதற்காகப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. விசேஷத்துக்குப் போவது வேறு, ஓய்வுக்குப் போவது வேறு. இரண்டையும் கலக்காதே. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளப் போகிறாயா, போ. அன்றைக்குப் புத்தகம் தூக்கிக்கொண்டு போகாதே, படிக்க மாட்டாய், படிக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். ஓய்வுக்குப் போகிறாயா, விசேஷம் இல்லாத வாரமாகப் பார்த்துப் போ. யாரிடமும் சொல்லாதே. இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில் பாயை விரித்துத் தூங்கு. பெரிய வீட்டில் ஆளே இல்லை என்று எல்லோரும் புலம்புகிறார்கள், அந்த ஆளில்லாமை நமக்கு வசதிதான்.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், அதையும் நினைவில் வை. மாசிப் பங்குனி வந்தால் முத்துமாரியம்மன் பால்குடத்துக்கு என்று நம் ஆட்கள் லீவு போட ஆரம்பிப்பார்கள். கடைசியில் பரீட்சை எழுத விடுவார்களா என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு முதல்வர் அறை வாசலில் நிற்பார்கள்.

பல்லைக் காட்டும் உறவினர்களிடம் ஒரே பதில்தான்: “மூன்றாம் வருஷத்தில்தான் நோயாளியையே தொட விடுவார்கள்.” உண்மையும் அதுதான். அதுவரை உள்ளூர் டாக்டரிடம் அனுப்பு. கழனிவாசல் டாக்டருக்கும் வியாபாரம் ஆகும் :)

கழனிவாசல் டாக்டர் எழுதியது:

வியாபாரம் இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஊருக்குப் போனால் போதும் என்பது என் கட்சி. அதற்கு மேல் போனால் ஹாஸ்டலில் மனம் ஒட்டாது.

இன்டர்ன் பிள்ளை சொன்னதையும் படித்தேன். கைவேலை, தலைவேலை என்று பிரித்துச் சொன்னது சரிதான். அது சம்பந்தமாக ஒன்று. கார்விங் செய்யும்போது மெழுகை மடியில் வைத்துக்கொண்டு கழுத்தை மடக்கி உட்காராதே. முழங்கை மேசைமேல் பதியட்டும், மெழுகு கண்ணை நோக்கி மேலே வரட்டும், இடதுபக்கம் விளக்கு வை. பல் டாக்டர்களில் பாதிப் பேருக்கு நாற்பது வயதில் கழுத்தும் இடுப்பும்தான் பிரச்சினை, அந்த உட்காரும் பழக்கம் முதல் வருஷ லேபில் ஆரம்பிக்கிறது. களைப்பில் ஒரு பங்கு அந்தக் கழுத்துவலியாகவும் இருக்கலாம்.

பள்ளத்தூர் அப்பச்சி எழுதியது:

என் மகன் இரண்டாம் வருஷம். பெற்றவர்களும் இங்கே எழுதலாம்தானே? பணம் கட்டிப் படிக்க வைக்கிறோம், நகையை வைத்துத்தான் முதல் வருஷம் கட்டினோம். அதைச் சொன்னால் பையன் போனை வைத்துவிடுகிறான். சொல்லாமல் இருந்தால் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. என்ன பேசினால் பிள்ளைக்குப் பாரமாக இருக்காது?

இன்டர்ன் அக்கா எழுதியது:

அப்பச்சி, போன் செய்ததும் “படித்தாயா, மார்க் வந்ததா” என்று ஆரம்பிக்காமல் “சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்” என்று கேளுங்கள். பணத்தைப் பற்றி ஒரு முறை நேரில் உட்கார்ந்து முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள்: எவ்வளவு கடன், எப்போது அடையும் என்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு புரியும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திக் காட்டுவதுதான் தாங்காது.

மெழுகுக்கட்டி எழுதியது:

அதிரச டப்பா யாருக்காவது வேண்டாம் என்றால் எங்கள் ஹாஸ்டல் விலாசம் தருகிறேன். சொத்தைப் பல் வந்தால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

ஆசாரி வீட்டுப் பையன் எழுதியது:

தலைப்பை விட்டு ஓடாமல் கார்விங் பற்றி மட்டும் சொல்கிறேன். காரைக்குடிதான், அப்பா மரச்சிற்ப வேலை, நான் மூன்றாம் வருஷம்.

முதலில் அளவை மனப்பாடம் செய். மேல் நடுவெட்டுப்பல்: கிரௌன் (வேருக்கு வெளியே தெரியும் பகுதி) நீளம் 10.5 மில்லிமீட்டர், அகலம் 8.5, வேர் 13. மேல் கோரைப்பல்: கிரௌன் 10, வேர் 17, வாயிலேயே நீளமான பல். கட்டியில் முன்பக்க உருவத்தைக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதை மட்டும் நேராக வெட்டி எடு. எதையும் உருட்டாதே. அப்புறம் பக்கவாட்டு உருவத்தை வரைந்து அதே மாதிரி. இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் மூலைகளை உருட்ட வேண்டும். முதலிலேயே உருட்ட ஆரம்பிப்பவர்களின் பல்தான் எந்தப் பல் என்று தெரியாமல் போகிறது. நடுக்கோட்டுப் பக்க மூலை கூர்மை, வெளிப்பக்க மூலை கொஞ்சம் வளைவு. இந்த வித்தியாசம் தெரிந்தாலே வலதா இடதா என்று மேடம் கேட்க மாட்டார்.

கத்தி மழுங்கி இருந்தால் மெழுகு பெயர்ந்து வரும். பட்டறையில் அப்பா காலையில் முதல் வேலையாக உளியைத் தீட்டுவார், அப்புறம்தான் டீ. கத்தி பிடிக்கும் கையின் கட்டைவிரல் எப்போதும் மெழுகின் மேலோ மற்ற கையின் மேலோ பதிந்திருக்கட்டும், வழுக்கினாலும் விரல் வெட்டுப்படாது. சித்திரை வெயிலில் மெழுகு இளகும், பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் வை. கடைசியில் ஈரப் பஞ்சில் துளி சோப்புத் தொட்டுத் தேய்த்தால் நம் வீட்டு முட்டைச்சாந்துச் சுவர் மாதிரி மினுமினுக்கும். பழகுவதற்கு நல்ல மெழுகை வீணாக்காதே, துணி சோப்பு போதும். தினம் இருபது நிமிஷம். உட்கார்ந்து ஒரே நாளில் ஐந்து பல் செதுக்கினால் ஐந்தும் ஒரே தப்போடு வரும்.

சிவகங்கை பி.ஜி. எழுதியது:

பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். (மேற்படிப்பு) படிக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பர்ன்அவுட் என்பது இன்றைக்கு வந்த ஃபேஷன் இல்லை. ஃபிராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். 1981இல் மாஸ்லாக், ஜாக்சன் இருவரும் அளந்து பார்க்க ஒரு கேள்விப் பட்டியலே தயாரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலையோடு தொடர்புடைய நிலை என்று இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. நோய் என்று சொல்லவில்லை. மூன்று விஷயம் பார்க்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு. நீ எழுதியதில் மூன்றின் சாயலும் இருக்கிறது. பெரும்பாலும் சுமையைக் குறைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் சரிசெய்தால் மெல்லத் திரும்பும்.

ஆனால் ஊருக்கு வந்தாலும், பிடித்தவர்களோடு இருந்தாலும், பிடித்த எதைச் செய்தாலும் அதே வெறுமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போனில் பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தலையைக் காட்டினால் இரண்டு வாரம் எல்லாம் எண்ணிக்கொண்டு இருக்காதே, அன்றைக்கே பேசு. இதை உனக்கு மட்டும் சொல்லவில்லை, படித்துவிட்டு எழுதாமல் போகிறவர்களுக்கும்தான்.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். டிபன் இல்லை, மதியச் சாப்பாடு பாதி. பிசியாலஜி பிராக்டிகலில் உன் விரலைக் குத்தி ஹீமோகுளோபின் பார்த்திருப்பார்களே, எவ்வளவு வந்தது?

தேவகோட்டைக்காரி எழுதியது:

சாலி முறையில் பார்த்தோம். எனக்குப் பத்துக்குக் கீழே வந்தது. நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் முறை, பிழை வரும் என்று டெமான்ஸ்ட்ரேட்டர் சொன்னார். அதோடு விட்டுவிட்டார்கள்.

சிவகங்கை பி.ஜி. எழுதியது:

பிழை வரும், உண்மைதான். அதனால்தான் லேபில் சரியான முறையில் பார்க்க வேண்டும். பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. நாளைக்கே கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் கொடு. தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

இன்டர்ன் அக்கா எழுதியது:

மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல், கூச்சப்படாதே. இதை யாரும் கேட்காமலே பிள்ளைகள் வருஷக்கணக்கில் களைப்போடு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

தேவகோட்டைக்காரி எழுதியது:

ரிசல்ட் வந்தது. ஹீமோகுளோபின் 9.4. தைராய்டு நார்மல். இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். ஆத்தாவிடம் சொன்னேன், முருங்கைக்கீரை அனுப்புகிறேன் என்று நிற்கிறார்கள், ஹாஸ்டலில் யார் சமைப்பது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கொஞ்ச நாளாக, சீட்டை விட்டுவிட்டுத் திரும்ப நீட் எழுதலாமா என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எம்.பி.பி.எஸ். கிடைத்தால் இந்தக் கைவேலை இருக்காதே.

பல்லவன்பயணி எழுதியது:

அந்த யோசனை முதல் வருஷத்தில் பாதிப் பேருக்கு வரும். தப்பில்லை. ஆனால் ஹீமோகுளோபின் 9.4 இருக்கும்போது எடுக்கிற முடிவு இல்லை இது. எம்.பி.பி.எஸ். மேல் உண்மையான ஆசையா, இங்கிருந்து ஓடிவிட வேண்டும் என்ற தவிப்பா என்று உடம்பு தேறிய பிறகு பார். அங்கேயும் இதே அனாடமிதான், கை கால் மேலோட்டமாக இருக்காது, முழுசாக. அதோடு சீட்டை நடுவில் விட்டால் என்ன கட்ட வேண்டி வரும் என்று சேரும்போது கொடுத்த ப்ராஸ்பெக்டஸில் இருக்கும், அப்பச்சியோடு உட்கார்ந்து அதைப் படி. அந்தத் தொகை தெரியாமல் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

திருமயம் பஸ் எழுதியது:

எனக்கு மாறாகத் தோன்றுகிறது அண்ணே. எங்கள் பேட்ச்சில் ஒருவன் போய்த் திரும்ப எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிட்டான், சந்தோஷமாகத்தான் இருக்கிறான். எல்லோரையும் இருந்துவிடு என்று சொல்லக் கூடாது. யாருக்கு எது என்று அவரவர்தான் பார்க்க வேண்டும்.

பல்லவன்பயணி எழுதியது:

போகக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? இப்போது வேண்டாம் என்கிறேன்.

இன்டர்ன் அக்கா எழுதியது:

இரும்பு மாத்திரை போட்ட உடனே டீ, காபி குடிக்காதே, இரும்பு உடம்பில் சேர விடாது. எலுமிச்சைச் சாறு குடித்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. முருங்கைக்கீரையைப் பொடியாக அனுப்பச் சொல், சோற்றில் போட்டு நெய் விட்டுச் சாப்பிடலாம். மாத்திரைக்குப் பதில் இல்லை, மாத்திரையோடு சேர்த்து.

ஆசாரி வீட்டுப் பையன் எழுதியது:

என்னிடம் முதல் வருஷ அனாடமி புத்தகம் மூன்று வால்யூம், கார்விங் கத்தி ஒரு செட், பாதி பெட்டி மெழுகு சும்மா கிடக்கிறது. காசு வேண்டாம். காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். கத்தியை அப்பாவிடம் கொடுத்துத் தீட்டி வைக்கிறேன்.

தேவகோட்டைக்காரி எழுதியது:

கண்டிப்பாக வேண்டும் அண்ணே, ரொம்ப நன்றி. இந்தச் சனிக்கிழமை தாயபிள்ளை வீட்டு சாந்திக்கு வரவில்லை என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன், ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை விசேஷம் எதுவும் இல்லை. அன்றைக்கு மதியம் வரலாமா?

ஆசாரி வீட்டுப் பையன் எழுதியது:

மதியம் அப்பா பட்டறை பூட்டியிருக்கும். காலை பத்துக்கு வாங்க.